மங்கலாக வரைவதற்குப் பெயர் இம்ப்ரஷனிசம் இல்லை

ஓவியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்பதுதான். அதற்கு நேரெதிரில் இன்னொரு வாசகம் இருக்கிறது: படம் கொஞ்சம் கலங்கலாக இருந்து, பிரஷ் போன தடம் தெரிந்துவிட்டால் உடனே "இது இம்ப்ரஷனிசம்". போனில் ஒரு ஃபில்டரைத் தட்டினால் உங்கள் வீட்டு மொட்டைமாடி கூட இம்ப்ரஷனிசம் ஆகிவிடுகிறது. உண்மையில் அது 1870-களில் பாரிஸில் கிளம்பிய ஒரு ஓவியப் போக்கு. அதன் ஆட்களில் ஒருவரான மோனேயையும் பின்னால் வந்த வான்கோவையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறார்கள். அப்புறம் வழக்கமான கதைகள்: அவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, கண் சரியில்லை, ஒருவருக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது, இத்யாதி.

எனக்கு இந்த ஓவியங்கள் ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே இந்தப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும். அதனால் ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். என் விருப்பு வெறுப்பும் நடுநடுவே வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

புடவைக் கடை வாசலில்

புடவை எடுக்கப் போனால் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்க்கலாம். உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப்போன புடவையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வாசலுக்கு வருவார். "வெயில்ல என்ன கலர்னு பாத்துக்கறேன்." கடைக்காரரும் மறுக்க மாட்டார். உள்ளே மங்கலான அரக்காகத் தெரிந்தது வாசலில் பளீரென்று மாதுளை முத்து நிறத்தில் நிற்கும். உள்ளே தெரிந்தது பொய், வாசலில் தெரிவதுதான் அசல் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவோம்.

ஆனால் வாசல் வெளிச்சம் மட்டும் ஒரே வெளிச்சமா? காலை பத்து மணி வெயிலில் ஒரு நிறம், மாலை ஐந்தரை மணி மஞ்சள் வெயிலில் இன்னொன்று, மழை மூட்டத்தில் வேறொன்று. இதில் எது அசல்? அப்படி ஒன்று கிடையாது. துணிக்குச் சொந்தமாக இருப்பது ஒரு குணம் மட்டுமே: தன்மேல் விழுகிற ஒளியில் எதை விழுங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பது. விழுகிற ஒளி மாறினால் திரும்பி வருவதும் மாறும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்தத் திரும்பி வந்த ஒளிதான்.

இலை என்றால் பச்சை, பனி என்றால் வெள்ளை, கூரை ஓடு என்றால் சிவப்பு என்று மனதில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம் இல்லையா, அதைப் பொருளின் சொந்த நிறம் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை ஐரோப்பிய ஓவியர்களில் பெரும்பாலோர் அதிலிருந்துதான் தொடங்கினார்கள். இம்ப்ரஷனிஸ்டுகள் அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இந்த இடத்தில், இந்த நேரத்தில், என் கண்ணுக்கு வந்து சேர்கிற நிறம் எது என்று கேட்டார்கள். கேட்டு, அதைத் தனித்தனித் தீற்றல்களாக கேன்வாஸில் வைத்தார்கள். தீற்றல் என்றால் பிரஷை ஒரு தடவை வைத்து எடுத்த தடம். இம்ப்ரஷனிசத்தின் அடிப்படை இவ்வளவுதான். மங்கல் என்பது இதன் பக்கவிளைவு, அதுவும் எல்லாப் படத்திலும் கிடையாது.

நிழலுக்கு என்ன நிறம்?

குளோத் மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த "மேக்பை" என்ற படத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நார்மண்டி கடற்கரைப் பக்கம், எத்ரத்தா ஊருக்கு அருகே, பனி மூடிய ஒரு நிலம். குறுக்கே ஒரு வேலி. இடது பக்கம் ஒரு சின்னக் கட்டைப் படல், அதன்மேல் ஒரு மேக்பை, கருப்பு வெள்ளைப் பறவை. மனிதர் யாரும் இல்லை. சூரியன் வேலிக்குப் பின்னால் தாழ்ந்து இருப்பதால் வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுந்திருக்கிறது.

அந்த நிழலைப் பாருங்கள். கருப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. நீலம். ஊதா கலந்த சாம்பல் நீலம். வெள்ளை என்று நாம் சத்தியம் செய்கிற பனிப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே மஞ்சள் இருக்கிறது, இளஞ்சிவப்பு இருக்கிறது, நீலம் இருக்கிறது, சுத்த வெள்ளையைத்தான் தேட வேண்டியிருக்கும். 1869-ல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சிக்கு இதை அனுப்பினார், நிராகரித்துவிட்டார்கள்.

நிழல் ஏன் நீலம்? இதில் கற்பனை எதுவும் இல்லை. வெட்டவெளியில் ஒரு பொருளின்மேல் இரண்டு விளக்குகள் எரிகின்றன: ஒன்று சூரியன், இன்னொன்று நீல வானம் முழுவதும். நிழல் விழுகிற இடத்தில் சூரியன் மறைக்கப்படுகிறது, வானம் மறைக்கப்படுவதில்லை. ஆக, நிழலுக்குள் விழுகிற வெளிச்சம் பெரும்பாலும் நீலம். பனி எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிற பொருள் என்பதால் அந்த நீலத்தை அப்படியே நம்மிடம் தள்ளுகிறது.

அப்படியென்றால் நமக்கு ஏன் தெரிவதில்லை? ஏனென்றால் மூளை திருத்திவிடுகிறது. வெள்ளைச் சட்டை நிழலில் இருந்தாலும், மஞ்சள் பல்புக்குக் கீழே இருந்தாலும் வெள்ளையாகவே நமக்குப் படும். விளக்கின் நிறத்தை மூளை கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நம்மிடம் கொடுக்கிறது. இதற்கு நிற நிலைப்பு என்று பெயர். வாழ்வதற்கு இது ரொம்ப வசதி, பழுத்த பழத்தை எந்த வெளிச்சத்திலும் கண்டுபிடித்துவிடலாம். ஓவியனுக்குத்தான் பெரிய தொந்தரவு. மூளை செய்கிற அந்தத் திருத்தத்தை வலிந்து தள்ளிவைத்து, திருத்தப்படாத நிறத்தைப் பார்ப்பதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். மோனேக்கு இருந்தது இந்தப் பயிற்சி. கண் சரியில்லாததால் இப்படி வரைந்தார் என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அவருக்குக் கண்புரை வந்தது உண்மைதான், 1923-ல் அறுவை சிகிச்சையும் நடந்தது, ஆனால் "மேக்பை" வரைந்தபோது அவருக்கு வயது 28.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பொருளுக்கு நிலையான நிறம் இல்லை, ஒளிதான் நிறம் தருகிறது, மூளை அதை நம்மிடமிருந்து மறைக்கிறது, இம்ப்ரஷனிஸ்டுகள் அதைத் திரும்பப் பார்க்க முயன்றார்கள்.

அதற்கு முன் எப்படி வரைந்தார்கள்

பாரிஸில் அப்போது சலோன் என்று ஒரு கண்காட்சி. அரசு ஆதரவில் நடப்பது, நடுவர் குழு தேர்ந்தெடுப்பது. அதில் படம் மாட்டப்பட்டால்தான் ஓவியனுக்குப் பிழைப்பு. புராணம், சரித்திரம், பெரிய மனிதர்கள் இதெல்லாம் உயர்ந்த விஷயம், நிலக்காட்சி கீழ்ப்படி. ஸ்டுடியோவுக்குள் வடக்குப் பக்கச் சன்னல் வெளிச்சத்தில் வரைவார்கள், பழுப்பு நிற அடிப்பூச்சில் தொடங்கி, நிழலுக்குப் பழுப்பும் கருப்பும் சேர்த்துக் கருக்கி, கடைசியில் பிரஷ் தடமே தெரியாமல் மெழுகிவிட வேண்டும். தடம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

1863-ல் நடுவர்கள் பாதிக்கு மேற்பட்ட படங்களைத் தள்ளிவிட, கூச்சல் பெரிதாகி, மூன்றாம் நெப்போலியன் நிராகரிக்கப்பட்டவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். எடுவார்ட் மானேயின் "புல்வெளியில் மதிய உணவு" அங்கேதான் ஊர் வாயில் விழுந்தது. மானே வேறு, மோனே வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துப் பாரிஸ்காரர்களே குழம்பியிருக்கிறார்கள்.

டியூப், ரயில், சாயப் பட்டறை

மேதைகள் சிலர் திடீரென்று தோன்றியதால் இது நடந்துவிட்டது என்கிற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாமான்கள் மாறின, அதனால் வேலை மாறியது.

முன்பெல்லாம் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். ஒரு தடவை குத்தினால் சரியாக அடைக்க முடியாது, காய்ந்துபோகும், சில சமயம் வெடித்தும் போகும். இதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போக முடியுமா? 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், லண்டனில் இருந்தபோது, பிதுக்குகிற தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று பல் தேய்க்கிற பேஸ்ட் வருகிற அதே டியூபுக்கு முன்னோடி. அது வந்தபிறகு ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நிறங்களை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடலாம்.

கிளம்புவதற்கு ரயிலும் வந்துவிட்டது. பாரிஸின் சேன்-லசார் நிலையத்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அர்ஜென்தேய், சேன் நதிக்கரை, பாய்மரப் படகுகள். மோனே அங்கே குடியே போனார். 1877-ல் அந்த ரயில் நிலையத்தையே, அதன் கண்ணாடிக் கூரைக்கடியில் புகை நீலமாகச் சுருள்வதை, பன்னிரண்டு படங்களாக வரைந்தார். அதே காலகட்டத்தில் வேதியியல் புதுப்புது நிறமிகளைக் கொண்டுவந்தது. கோபால்ட் நீலம், செயற்கை அல்ட்ராமரின் என்கிற அடர் நீலம், காட்மியம் மஞ்சள், விரிடியன் என்கிற பளிச்சென்ற பச்சை. முன்பு நல்ல அல்ட்ராமரின் வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் கல்லை அரைக்க வேண்டும், விலை தங்கத்தோடு போட்டிபோடும். இப்போது நிழலெல்லாம் நீலமாகப் பூசும் அளவுக்கு மலிவு.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மிஷேல் யூஜேன் ஷெவ்ருல் என்று ஒரு வேதியியலாளர், பாரிஸின் கோப்லேன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பாளர். அவரிடம் ஒரு புகார் வந்தது, கருப்புச் சாயம் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று. அவர் நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையே இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது என்னவென்றால், அந்தக் கருப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீல நூலும் ஊதா நூலும்தான் அதைக் கெடுத்திருக்கின்றன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது. இதை 1839-ல் தடிமனான புத்தகமாகவே வெளியிட்டார். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்று எதிரெதிரான சோடிகள் இருக்கின்றன, இவற்றுக்கு நிரப்பு நிறங்கள் என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். கலந்தால் ஒன்றை ஒன்று கொன்று சாம்பலாகிவிடும். பட்டுப் புடவையில் பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைக்கிறவருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இம்ப்ரஷனிஸ்டுகள் எல்லோரும் ஷெவ்ருலைக் கரைத்துக் குடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிறங்களைத் தட்டில் குழைத்துச் சேறாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துடிப்பாக இருக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

மினுங்குகிற சூரியன்

1874 ஏப்ரல் 15. சலோனை நம்பிப் பயனில்லை என்று சுமார் முப்பது பேர் சேர்ந்து, புகைப்படக்காரர் நாதார் காலி செய்திருந்த ஸ்டுடியோவில் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். ஒரு ஃபிராங்க் நுழைவுக் கட்டணம். மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ, தெகா, சிஸ்லி, பெர்த் மொரிசோ, செசான் எல்லோரும் அதில் இருந்தார்கள். மோனே வைத்த ஒரு படத்தின் பெயர் "இம்ப்ரஷன், சூரிய உதயம்". லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் இதைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டுகிற தாளின் முதல் வரைவுகூட இதைவிட முழுசாக இருக்கும் என்று கிண்டல் எழுதினார். இம்ப்ரஷனிஸ்ட் என்ற பட்டம் அந்தக் கட்டுரையால்தான் பரவியது. கடைசியில் கிண்டலடித்தவர் பெயர் இந்த ஒரு கட்டுரைக்காக மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

அந்தப் படத்தை ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். லு ஆவ்ர் துறைமுகம், மூடுபனி, சாம்பல் நீலத்தில் கிரேன்களும் கப்பல் கம்பங்களும், முன்னால் இரண்டு மூன்று சின்னப் படகுகள், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக ஒரு சூரியன், தண்ணீரில் அதன் ஆரஞ்சுத் தீற்றல்கள். சூரியன் தகதகவென்று எரிகிற மாதிரி, லேசாகத் துடிக்கிற மாதிரிகூட இருக்கும்.

இப்போது அதே படத்தை போனில் இறக்கி, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்.

மேஜிக் எதுவும் இல்லை. மோனே அந்தச் சூரியனைச் சுற்றியுள்ள மேகத்தைவிடப் பிரகாசமாக வரையவே இல்லை. நிறம் வேறு, பிரகாசம் ஒன்று. பிரகாசம் என்றால் நிறத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுகிற வெளுப்பின் அளவு. ஹார்வர்டில் பார்வை நரம்பியல் ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். மூளையில் ஒரு பகுதி பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்பதைப் பார்க்கிறது, அதற்கு நிறம் ஏறக்குறையத் தெரியாது, பிரகாசம் மட்டுமே தெரியும். இன்னொரு பகுதி நிறத்தைப் பார்க்கிறது. மோனேயின் சூரியன் இரண்டாவது பகுதிக்குப் பளிச்சென்று தெரிகிறது, முதல் பகுதிக்கு அங்கே எதுவுமே இல்லை. இருக்கிறது என்று ஒன்று சொல்ல, இல்லை என்று இன்னொன்று சொல்ல, சூரியன் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் மினுங்குகிறது. மோனேக்கு நரம்பியல் தெரியாது. கண்ணால் பார்த்து, கையால் வைத்து, திரும்பப் பார்த்து, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். போட்டோ மாதிரி வரைய வேண்டும் என்று நினைத்திருந்தால் சூரியனை வெள்ளையாக்கியிருப்பார், அதோடு அது செத்திருக்கும்.

அவசரக் கிறுக்கலா?

இது இன்னொரு பெரிய தப்பெண்ணம். வெளியே உட்கார்ந்து வரைந்தார்கள் என்பது உண்மை. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிற மோனேயின் 1870-ஆம் வருடத்து "துரூவில் கடற்கரை" படத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன, கடற்கரைக் காற்றில் பறந்து வந்து ஈர வண்ணத்தில் விழுந்த அதே மணல். ஆனால் எல்லாப் படமும் ஒரே உட்காரலில் முடிந்தவை இல்லை. ரூவன் தேவாலயத்தை முப்பதுக்கு மேற்பட்ட முறை வரைந்தாரே, 1892-லும் 1893-லும் அங்கே போய் எதிர்க் கட்டடச் சன்னலிலிருந்து வரைந்து, பிறகு ஜிவெர்னி வீட்டில் வைத்து மாதக்கணக்கில் திருத்தினார். வண்ணம் அடுக்கடுக்காக ஏறி, சுண்ணாம்புப் பூச்சு மாதிரிச் சொரசொரவென்று நிற்கும்.

1891-ல் எப்த் ஆற்றங்கரையில் பாப்ளர் என்கிற நெட்டையான மரங்களை வரைந்துகொண்டிருந்தார். பல கேன்வாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் நகர்ந்ததும் அடுத்த கேன்வாஸுக்குத் தாவுவார். பாதியில் ஊர்க்காரர்கள் மரங்களை ஏலம் விட்டுவிட்டார்கள். மோனே என்ன செய்தார் தெரியுமா, ஏலம் எடுக்கவந்த மர வியாபாரியோடு பேசி, தன் பங்குக்குப் பணம் கொடுத்து, தான் வரைந்து முடிக்கும்வரை வெட்டாமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டார். அவசரக் கிறுக்கல்காரர் செய்கிற காரியமா இது?

எல்லோரும் ஒரே மாதிரி வரைந்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். தெகாவுக்கு வெளியே போய் வரைவதே பிடிக்காது, இம்ப்ரஷனிஸ்ட் என்று கூப்பிட்டாலும் கோபம் வரும், அவருடைய உலகம் நடன ஒத்திகை அறையும் விளக்கு வெளிச்சமும். மானே இவர்களோடு ஒரு கண்காட்சியில்கூடச் சேரவில்லை. 1874-லிருந்து 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளிலும் தவறாமல் படம் வைத்தவர் பிஸ்ஸாரோ ஒருவர்தான். மொரிசோ ஏழில் இருந்தார், தவறவிட்ட ஒன்று மகள் பிறந்த சமயம். அரசின் ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-ல்தான், மொரிசோ அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அவருடைய "தொட்டில்" படத்தில் தூங்குகிற குழந்தையின்மேல் ஒரு மஸ்லின் திரை விழுகிறது. திரையும் வெள்ளை, படுக்கையும் வெள்ளை, பின்திரையும் வெள்ளை, ஆனால் ஒவ்வொரு வெள்ளையும் வேறு, நீலம் ஓடிய வெள்ளை, ரோஜா ஓடிய வெள்ளை. குழந்தையின் முகம் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது நான்கைந்து தீற்றல்களில் தெரிந்துவிடுகிறது. ரெனுவாரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கு அவருடைய பிற்காலத்துப் பெண்கள் சீக்கிரம் திகட்டிவிடுகிறார்கள். மொரிசோ திகட்டுவதில்லை.

சரி, ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்வோம். புதுச் சாமான்கள், புது இடங்கள், பக்கத்து நிறம் பற்றிய அறிவு, கண்ணுக்கு வருவதை நம்புகிற பிடிவாதம். இவை சேர்ந்தது இம்ப்ரஷனிசம். இனி அதில் திருப்தியில்லாமல் வெளியேறியவர்கள்.

இறந்தபின் வைத்த பெயர்

இவர்களை இன்று போஸ்ட் இம்ப்ரஷனிஸ்டுகள் என்று சேர்த்துச் சொல்கிறோம், ஆனால் அப்படி ஒரு குழு இருந்ததே இல்லை. ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கில விமர்சகர் 1910-ல் லண்டனில் ஒரு கண்காட்சி வைத்தார், அதற்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது, இம்ப்ரஷனிஸ்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் என்ற பொருளில் ஒன்றைச் சூட்டினார். அப்போது வான்கோ (1890), சூரா (1891), கோகன் (1903), செசான் (1906) நால்வருமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். தங்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஒரே மாதிரி வரையவும் இல்லை. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கண்ணுக்கு வருவதை அப்படியே வைப்பது மட்டும் போதாது என்ற எண்ணம். வேறு என்ன வேண்டும் என்று கேட்டால் நால்வரும் நான்கு பதில் சொல்வார்கள்.

ஜார்ஜ் சூராவின் பதில்: ஒழுங்கு. கையின் போக்கில் தீற்றல் வைப்பதை விட்டுவிட்டு, கணக்காக, சின்னப் புள்ளிகளாக வைத்தார். 1886-ல் கடைசி இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியில் வைத்த "கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு" சுமார் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், இப்போது சிகாகோவில் இருக்கிறது. புள்ளிகள் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் கலக்கும், இதற்கு ஒளிக்கலப்பு என்று பெயர். மயில்கழுத்துப் புடவையில் நீல இழையும் பச்சை இழையும் குறுக்கும் நெடுக்கும் ஓடி மூன்றாவது நிறம் தெரிகிறதே, அதேதான். போன் திரையும் இப்படித்தான் என்று அடிக்கடி சொல்வார்கள், பாதிதான் சரி. திரையில் புள்ளிகள் ஒளியைக் கக்குகின்றன, சேரச் சேர வெளிச்சம் கூடும். வண்ணப் புள்ளிகள் விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தர முடியும், அதனால் கலந்தால் சராசரிதான் கிடைக்கும், கூடுதல் வெளிச்சம் கிடைக்காது. போதாக்குறைக்கு, அவர் புதிதாகக் கிடைத்ததென்று வாங்கிப் பயன்படுத்திய ஒரு துத்தநாக மஞ்சள் சில வருடங்களிலேயே பழுப்படித்துவிட்டது. வெயில்பட்ட புல்லில் இன்று காணும் அழுக்குப் புள்ளிகள் ஒரு காலத்தில் பளீர் மஞ்சள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் மரியாதை வரும், பிரியம் வராது.

செசானின் பதில்: கட்டுமானம். இவர்தான் நால்வரிலும் கஷ்டமானவர், கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டவரும் இவர்தான். சிகாகோவில் உள்ள "ஆப்பிள் கூடை" படத்தில் மேசையின் முன்விளிம்பைப் பாருங்கள். இடது பக்கத்திலிருந்து வருகிற விளிம்பு துணிக்கு அடியில் புகுந்து வலது பக்கம் வெளியே வரும்போது அதே கோட்டில் வரவில்லை. பாட்டில் சாய்ந்து நிற்கிறது. பிஸ்கட் அடுக்கை ஒரு உயரத்திலிருந்தும் கூடையை இன்னொரு உயரத்திலிருந்தும் பார்த்த மாதிரி இருக்கிறது. வரையத் தெரியாதவர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நீங்கள் ஒரு மேசையைப் பார்க்கிறபோது கேமரா மாதிரி ஒற்றைக் கண்ணோடு அசையாமலா நிற்கிறீர்கள்? தலை நகர்கிறது, கண் தாவுகிறது, ஒவ்வொரு பொருளையும் கொஞ்சம் வேறு இடத்திலிருந்து பார்த்து மனதில் சேர்க்கிறோம். செசான் அந்தச் சேர்க்கையை வரைந்தார். அதற்கு நேரம் பிடிக்கும். ஓவிய வியாபாரி அம்புவாஸ் வொலார் தன் உருவப்படத்துக்கு 115 தடவை அசையாமல் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் கையில் இரண்டு இடத்தில் வண்ணம் படாமல் கேன்வாஸ் தெரிந்தது, சரியான நிறம் கிடைக்கும்வரை அவர் தொடத் தயாராக இல்லை. பின்னால் பிக்காசோவும் பிராக்கும் கனசதுரமாக உடைத்து வரைந்ததற்கு இந்தக் கோணல் மேசைதான் ஆரம்பம்.

வின்சென்ட் வான்கோவின் பதில்: உணர்ச்சி. நெதர்லாந்தில் 1885-ல் வரைந்த "உருளைக்கிழங்கு உண்பவர்கள்" முழுக்க மண் நிறம். 1886-ல் பாரிஸுக்கு வந்தார், இம்ப்ரஷனிஸ்டுகளையும் சூராவின் புள்ளிகளையும் ஜப்பானிய அச்சுப் படங்களையும் பார்த்தார், இரண்டே வருடத்தில் நிறம் தலைகீழானது. ஆனால் அவர் நிறத்தை ஒளிக்காக மட்டும் வைக்கவில்லை. 1888-ல் ஆர்ல் ஊரில் ஓர் இரவு விடுதியை வரைந்தார், சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை. மனிதனின் பயங்கரமான வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். ஷெவ்ருல் நெசவுக்கூடத்தில் கண்ட அதே நிரப்பு நிறங்கள், இங்கே வேறு வேலை செய்கின்றன.

அதே வருடம் வரைந்த "படுக்கையறை"யில் நேரெதிராக ஓய்வைச் சொல்ல நினைத்தார். கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்று தெளிவாக எழுதியிருக்கிறார். படத்தில் இன்று சுவர் நீலம். ஊதாவுக்காகக் கலந்த சிவப்பு நிறமி வெளிச்சம் பட்டுப்பட்டு வெளிறிப்போய், நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மஞ்சள் கட்டிலுக்குப் பின்னால் ஊதாச் சுவர் என்பதுதான் அவர் போட்ட சோடி, அதன் ஒரு பாதியை நாம் பார்க்கவே இல்லை.

கிறுக்குப் பிடித்து வரைந்தார் என்ற கதைக்கு ஒரு வார்த்தை. நோய் உண்மை, துன்பம் உண்மை. ஆனால் நோய் தாக்கிய நாட்களில் பெரும்பாலும் வரைய முடியாமல்தான் கிடந்தார், தெளிந்த நாட்களில்தான் வரைந்தார். அந்தக் கடிதங்களைப் படித்தால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒரு தச்சன் மாதிரி நிதானமாகப் பேசுகிற மனிதர்தான் கிடைக்கிறார்.

பால் கோகனின் பதில்: நினைவும் கற்பனையும். பார்த்ததை வரையாதே, நினைத்துக்கொண்டு வரை என்பது அவர் கட்சி. பெரிய பெரிய தட்டையான நிறப் பரப்புகள், புல்தரையே சிவப்பு. 1888 இறுதியில் இரண்டு மாதம் வான்கோவோடு ஒரே வீட்டில் இருந்து சண்டையில் பிரிந்தார், பிறகு தாஹித்திக்குப் போனார். அங்கே பதின்ம வயதுச் சிறுமிகளோடு அவர் நடந்துகொண்ட விதம் தெரிந்தபிறகு அந்தத் தாஹித்திப் படங்களை முன்போல் வெறும் நிறமாக என்னால் பார்க்க முடிவதில்லை. நிறத்தை எப்படி வைப்பது என்பதில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்கவும் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது

பெரிய அருங்காட்சியகங்கள் பல தங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. முதலில் "மேக்பை"யை எடுங்கள், வேலி நிழலை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கி, அதில் எத்தனை நிறம் என்று எண்ணுங்கள், பிறகு சுருக்கி முழுதாகப் பாருங்கள். அடுத்து மொரிசோவின் "தொட்டில்". அப்புறம் செசானின் ஏதாவது ஒரு ஆப்பிள் படம், ஆனால் அவசரப்படாமல், மேசை விளிம்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். வான்கோவின் "படுக்கையறை" மூன்று பிரதிகளாக இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, ஓர்சே என்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்தால் சுவர் ஒவ்வொன்றிலும் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும்.

"நட்சத்திர இரவு" மட்டும் கடைசியில் இருக்கட்டும். காபி கப்பிலும் பனியனிலும் பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. தவிர அது சன்னல் வழியே பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, ஊரையும் கோபுரத்தையும் தானே சேர்த்து, பகலில் உள்ளே உட்கார்ந்து வரைந்த படம். அதாவது நேரில் பார்த்து வரைகிற வான்கோ, கோகனின் வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தது. சில மாதம் கழித்து நண்பர் எமீல் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், நட்சத்திரங்களைப் பெரிதாக்கப் போய் மறுபடியும் தோற்றேன் என்கிற தொனியில் சலித்துக்கொள்கிறார். எனக்கு அது தோல்வியாகப் படவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது "படுக்கையறை"யைப் பார்த்துவிட்டு வந்தால் புரியும்.